ஐகானா, எஸ்டீமா, ஆக்சென்ட்டா: நின்றுபோன செடானில் எதை வாங்கலாம்?

ஃபோர்டு ஐகான் தயாரிப்பு 2011-ல் நின்றது. மாருதி எஸ்டீம் அதற்கும் முன்பே, 2007 கடைசியில். ஹூண்டாய் ஆக்சென்ட் மட்டும் 2013 வரை இழுத்துப் பிடித்தது. இன்று மூன்றுமே ஒரு புது பைக்கின் விலைக்கோ அதற்கும் கீழேயோ கிடைக்கின்றன. அதனால் 'ஒன்று வாங்கிப் போட்டால் என்ன' என்ற ஆசை பலருக்கு வருகிறது. சிலருக்கு அப்பா ஓட்டிய வண்டி என்கிற பாசம். சிலருக்குக் காலேஜ் நாளில் எட்டாமல் போன வண்டி என்கிற ஏக்கம். இன்னும் சிலருக்கு மார்க்கெட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் போய்வர மலிவாக ஒரு கார் போதும். மூன்று பேருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் மூன்று பேரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்.

விலையைப் பார்த்து முடிவெடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழைய காருக்கென்றே சொன்னதுபோல இருக்கும். கிலோமீட்டர் மீட்டரையும் நம்ப முடியாது, இருபது வருஷத்தில் அது எத்தனை கை பட்டதோ. நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. அந்த வண்டியின் எஞ்சின் வேறு எந்தெந்த வண்டிகளில் ஓடியது, எத்தனை வருஷம் ஓடியது? கார் நின்றுபோகலாம். எஞ்சினுக்குச் சொந்தபந்தம் இருந்தால் பாகமும் கிடைக்கும், அதைப் பிரித்துப் பழகிய கையும் கிடைக்கும். சொந்தமே இல்லாத எஞ்சின் என்றால், அது எவ்வளவு அருமையான எஞ்சினாக இருந்தாலும், உள்ளங்கை அளவு பாகத்துக்காக வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மூன்று வண்டிகளும் வேறு வேறு வரிசையில் நிற்கின்றன. ஐகானுக்குள்ளேயே வேறு வேறு வரிசை இருக்கிறது.

ஐகான்: மறைமலை நகரின் மூத்த பிள்ளை

ஐகானின் கதை எஸ்கார்ட்டின் சறுக்கலில் தொடங்குகிறது. 1995-ல் மஹிந்திராவும் ஃபோர்டும் சரிபாதிக் கூட்டாக ஒரு நிறுவனம் தொடங்கின. 1996-ல் நாசிக்கிலிருந்து எஸ்கார்ட் வந்தது. ஐரோப்பாவில் வயதாகிப்போன காரை இங்கே கொண்டுவந்து புதுசு என்று விற்கும் வேலை அது. வாங்குபவர்களுக்கு அது புரியாமல் இல்லை. 1998-ல் ஃபோர்டு தன் பங்கை 72 சதவீதமாக உயர்த்திக்கொண்டு நிறுவனத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. அதற்குள் ஜி.எஸ்.டி. சாலையோரம், செங்கல்பட்டுக்கு முன்னால் மறைமலை நகரில் சொந்தத் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது.

அங்கே தயாரிக்க ஒரு கார் வேண்டும். ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்த நான்காம் தலைமுறை ஃபியஸ்டா கைவசம் இருந்தது. ஆனால் அது டிக்கி இல்லாத ஹேட்ச்பேக். அன்றைக்கு ஆறேழு லட்சம் கொடுப்பவர் டிக்கி இல்லாத காரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். டிக்கிதான் அந்தஸ்து. அதனால் ஃபியஸ்டாவின் அடித்தளத்தில், இந்தியாவை முதல் சந்தையாக மனதில் வைத்து ஒரு செடானை உருவாக்கினார்கள். உள்ளுக்குள் அதன் பெயர் சி195. 1999 கடைசியில் அது ஐகான் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பழைய மாடலை இறக்கிவிட்டுக் காசு பார்ப்பதே வெளிநாட்டு நிறுவனங்களின் வழக்கமாக இருந்த காலத்தில், இந்தியாவை நினைத்துச் செய்த கார் என்பது சின்ன விஷயம் இல்லை. இதே கார் பிறகு தென்னாப்பிரிக்காவிலும் மெக்சிகோவிலும் பிரேசிலிலும் ஓடியது. ஏற்றுமதி என்ற சொல் மறைமலை நகருக்குப் பழகிப்போனது ஐகானிலிருந்துதான்.

விளம்பரத்தில் அதை 'ஜோஷ் மெஷின்', அதாவது உற்சாக எந்திரம், என்றார்கள். வழக்கமாக விளம்பர வாசகம் காரை விடப் பெரிதாக இருக்கும். இந்த ஒன்றில் அப்படி இல்லை. ஃபியஸ்டாவின் ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும் வளைவுகளில் அவ்வளவு நம்பிக்கை தந்தன. ஏற்காடு மலைப்பாதையில் ஐகான் 1.6 ஓட்டியவரிடம் கேட்டுப் பாருங்கள், அடுத்து வாங்கிய எந்தக் காரைப் பற்றியும் அவர் அப்படிப் பேச மாட்டார். ஏ.சி.யும் அந்தக் காலத்துக்கு அசாத்தியம். சென்னையின் மே மாதத்தில் இது பெரிய தகுதி.

2003 வாக்கில் முகம் மாறியது. விலையைக் குறைத்து ஃபிளேர் என்ற பெயரில் ஒரு வகையும் வந்தது. 2005-ல் புது ஃபியஸ்டா செடான் வந்தபின் ஐகான் வீட்டின் மூத்த பிள்ளையாகி, மலிவு விலைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டது. 2008 வாக்கில் அதற்குப் புது டீசல் எஞ்சின் ஒன்று பொருத்தி இன்னொரு சுற்று ஓட விட்டார்கள். 2010-ல் ஃபோர்டின் மலிவு ஹேட்ச்பேக் ஃபீகோ வந்தது. அதன் பிறகு ஐகானுக்கு வேலை இல்லை.

சரி, இப்போது வாங்குவதற்கு வருவோம். சந்தையில் உங்கள் கண்ணில் படக்கூடிய ஐகான்கள் முக்கியமாக நாலு வகை. 1.3 பெட்ரோல், 1.6 பெட்ரோல், 1.8 டீசல், 1.4 டீசல். வெளியே ஒரே மாதிரி இருக்கும், உள்ளே நாலும் நாலு குணம்.

பெட்ரோல் இரண்டும் ரோகாம் குடும்பம். பிரேசிலின் தவுபாத்தேயிலும் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்திலும் ஃபோர்டு தயாரித்த எஞ்சின் இது. கேம் ஷாஃப்ட்டுக்கும் வால்வுக்கும் நடுவே உருளும் ரோலர் வைத்ததால் உராய்வு குறைவு. வால்வுகள் நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங்குக்குப் பெல்ட் இல்லை, செயின். பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று முந்தைய உரிமையாளரிடம் துப்பறிய வேண்டியதில்லை. 1.3-ல் சுமார் 70 குதிரைத்திறன், 1.6-ல் சுமார் 92. ஒரு டன்னை ஒட்டிய வண்டிக்கு 92 என்றால், அன்றைக்கு அது விளையாட்டு கார். 1.3 அப்படி இல்லை. நாலு பேர் ஏறி ஏ.சி. போட்டால் மூச்சு வாங்கும். அதற்காகப் பெட்ரோலையாவது மிச்சம் பிடிக்குமா என்றால், அதுவும் இல்லை. என் கணக்கில் 1.3-ஐ வாங்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு, தெரிந்தவர் வீட்டில் ஒரே கையில் இருந்த வண்டி என்பது.

ரோகாமின் பலவீனம் உலகம் முழுக்கத் தெரிந்தது. எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைத் தாங்கும் கூடு பிளாஸ்டிக். சூட்டில் வெந்து வெந்து வருஷங்கள் கழித்து அது விரிசல் விடும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் சொட்டும், பிறகு கொட்டும். ஓட்டுபவர் வெப்பமானியைக் கவனிக்காமல் இன்னும் பத்து கிலோமீட்டர் போனால் ஹெட் கேஸ்கெட் போகும். ஹெட்டே வளைந்தும் போகலாம். தென்னாப்பிரிக்காவில் இதே எஞ்சின் ஓடிய பான்டம் பிக்கப்பிலும் இதே புலம்பல்தான். சின்னப் பாகம், பெரிய செலவு. அதனால் பெட்ரோல் ஐகானைப் பார்க்கப் போகும்போது பானெட்டைத் திறந்து முதலில் அந்தக் கூட்டைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த கறை இருந்தால் கூலன்ட் ஏற்கெனவே வெளியே வந்துகொண்டிருக்கிறது. கூலன்ட் தொட்டியில் வெறும் தண்ணீர் இருந்தால் அதுவும் கெட்ட சகுனம். ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது அளவுகோல். இந்தியாவில் ரோகாமுக்கு ஐகானைத் தவிர வேறு வீடு இல்லை. ஃபோர்டின் ஃப்யூஷனும் ஃபியஸ்டாவும் டியூராடெக் என்ற வேறு பெட்ரோல் எஞ்சினோடு வந்தன. ஃபீகோவில் 1.2. ஆக, ஐகான் நின்றதோடு ரோகாம் இங்கே அனாதையாகிவிட்டது. எஞ்சின் சென்சார், காயில் பேக், கேஸ்கெட் செட் என்று எதைக் கேட்டாலும் கடைக்காரர் ஒரு நொடி யோசிப்பார். சென்னையில் இருந்தால் புதுப்பேட்டை கைகொடுக்கும். பிரித்துப்போட்ட ஐகான்கள் அங்கே வந்துகொண்டிருக்கும் வரைக்கும்தான் அதுவும். திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ இருந்தால் பார்சலுக்குக் காத்திருக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

1.8 டீசல் வேறு கதை. எஸ்கார்ட் காலத்து எஞ்சின், டர்போ கிடையாது, சுமார் 60 குதிரைத்திறன். இரைச்சலும் அதிர்வும் உண்டு, வேகம் கிடையாது. ஆனால் எலெக்ட்ரானிக்ஸ் அதிகம் இல்லாத பழைய பாணி டீசல் என்பதால், பம்ப்பும் நாசிலும் பார்க்கும் டீசல் ஒர்க் ஷாப் எங்கிருந்தாலும் அதைப் பிழைக்க வைத்துவிடுவார்கள். இவையெல்லாம் இன்று இருபதை நெருங்கியோ தாண்டியோ இருக்கும். ஆசைக்கு வாங்குபவர் இதை ஏன் வாங்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஓட்டும் சுகம்தான் ஐகானின் ஒரே மூலதனம். அந்த எஞ்சின் அதை முன் சக்கரத்தின் மேல் பாறையாக உட்கார்ந்து நசுக்கிவிடுகிறது.

கடைசியில் வந்த 1.4 டி.டி.சி.ஐ. டீசலைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். பிரான்ஸின் பியூஜோ சித்ரோயன் குழுமத்தோடு சேர்ந்து ஃபோர்டு உருவாக்கிய அலுமினிய எஞ்சின். 68 குதிரைத்திறன்தான், ஆனால் 160 நியூட்டன் மீட்டர் இழுவிசை கீழேயே கிடைக்கும். முக்கியமானது அதன் சொந்தபந்தம். 2005-லிருந்து ஃபியஸ்டாவில், ஃப்யூஷனில், அப்புறம் 2010 முதல் 2015 வரை ஃபீகோவில் ஓடியது இதே எஞ்சின்தான். ஃபீகோ டீசல்கள் தமிழ்நாட்டுச் சாலைகளில் இன்னமும் ஏராளம். அதனால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை, மெக்கானிக்குகளுக்கும் கை பழக்கம். இதில் செயின் இல்லை, பெல்ட். அதை மாற்றிய ரசீது இல்லை என்றால், வாங்கிய கையோடு மாற்றிவிட வேண்டும். 2008-க்குப் பிந்தைய வண்டிகள் என்பதால் மற்ற ஐகான்களை விட இவை இளமையானவை.

ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகரிலிருந்து 2022-ல் கடைசி வண்டி வெளியே வந்தது. சர்வீஸும் பாகங்களும் தொடர்கின்றன. 2024-ல் அதே தொழிற்சாலையை ஏற்றுமதிக்காகத் திரும்பப் பயன்படுத்த விருப்பம் தெரிவித்துத் தமிழ்நாடு அரசுக்கு ஃபோர்டு கடிதம் கொடுத்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்தச் செய்தியை நம்பி ஐகான் வாங்காதீர்கள். ஏற்றுமதிக்காகத் திறக்கும் கதவு வழியாக 1999 மாடலின் லோயர் ஆர்ம் வரப்போவதில்லை.

எஸ்டீம்: காகிதத்தில் பலவீனம், கடையில் பலம்

1990-ல் மாருதி 1000 வந்தபோது அது பெரிய மனிதர்களின் கார். சுசுகியின் கல்டஸ் செடானை எடுத்து, 970 சிசி எஞ்சினைப் போட்டு, 46 குதிரைத்திறனில் அந்த உடம்பை இழுக்க விட்டார்கள். அழகு இருந்தது, இழுவை இல்லை. 1994-ல் அதே உடம்பில் 1.3 லிட்டர் எஞ்சின் வந்ததும் அது எஸ்டீம் ஆனது. முதலில் கார்புரேட்டர், 65 குதிரைத்திறன். 1999-ஐ ஒட்டி எம்.பி.எஃப்.ஐ., அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைத் தனியாகப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை, வந்தது, பதினாறு வால்வோடு 85 குதிரைத்திறன். வண்டியின் எடையோ 900 கிலோவுக்கும் குறைவு. அந்த எடையில் அந்தச் சக்தி என்பதை ரேஸ்காரர்கள் உடனே கண்டுகொண்டார்கள். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்திலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் எஸ்டீம் வருஷக்கணக்கில் ஓடியது. செடான் பந்தயம் என்றாலே எஸ்டீம் என்றிருந்தது. ஜன்னல் கண்ணாடியையும் சீட்டையும் கழற்றிவிட்டு ஓட்டிய அதே கார்தான் பக்கத்துத் தெரு வங்கி மேனேஜர் வீட்டுப் போர்ட்டிகோவிலும் நின்றது.

சொந்தபந்தக் கணக்கில் எஸ்டீமை யாரும் அடிக்க முடியாது. அந்த 1.3 எஞ்சின் குடும்பம் ஜிப்ஸியில் ஓடியது, வெர்சாவில் ஓடியது, 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்ட் பெட்ரோலிலும் ஓடியது. ஜிப்ஸி 2018-19 வரைக்கும் பொதுச் சந்தையில் இருந்தது. ராணுவத்திடமும் போலீஸிடமும் அது இருந்ததால் பாகங்களின் தேவை ஓயவே இல்லை. கிராமத்துச் சாலையோர மெக்கானிக்கும் மாருதி என்றால் தயங்க மாட்டார். எல்லாப் பாகமும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை, வகைக்கு வகை மாற்றங்கள் உண்டு. ஆனால் தேடலைத் தொடங்க ஓர் இடம் இருக்கிறது. ரோகாமுக்கு அது இல்லை.

பலவீனங்களும் வெளிப்படை. தகடு மெல்லிசு. கடலோர ஊர் வண்டி என்றால் கதவின் அடிப்பக்கம், டிக்கித் தரை, பின் சக்கர வளைவு என்று துரு கூடு கட்டியிருக்கும். எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம், துருப்பிடித்த எஸ்டீமின் டிங்கரிங் செலவு மட்டும் வண்டி விலையைத் தாண்டிவிடும். உட்காரும் இடம் தாழ்வு, முட்டிவலி உள்ள பெற்றோருக்கு ஏற இறங்கச் சிரமம். மோதினால் தாங்கும் உடம்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலான வண்டிகளில் காற்றுப்பை கிடையாது. இது மற்ற இரண்டுக்கும் பொருந்தும் என்றாலும் எஸ்டீமில் அந்தக் கவலை ஒரு படி கூடுதல். நாற்கரச் சாலையில் லாரிக்கும் சொகுசுப் பேருந்துக்கும் நடுவே குடும்பத்தோடு ஓட்டுகிற கார் இல்லை இது.

டீசல் எஸ்டீம் என்று ஒன்று உண்டு, பியூஜோவின் 1.5 லிட்டர் எஞ்சினோடு. அதைத் தொட வேண்டாம். கார்புரேட்டர் எஸ்டீமையும், ரேஸ் ஆசையோ பொறுமையோ இல்லாதவர்கள் தவிர்க்கலாம். வாங்கினால் 2004-க்குப் பிறகு வந்த கடைசி முகம்தான் சரி.

ஆக்சென்ட்: சலிப்பூட்டும் நல்ல பிள்ளை

ஐகானும் ஆக்சென்ட்டும் 1999-ல் சில வார இடைவெளியில் வந்தவை. ஒன்று செங்கல்பட்டு பக்கம், இன்னொன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில். முந்தைய வருஷம் சாண்ட்ரோவால் ஹூண்டாய் பெயர் வீட்டுக்கு வீடு போயிருந்ததால் ஆக்சென்ட்டுக்கு அறிமுகம் தேவைப்படவில்லை. 1.5 லிட்டர் பெட்ரோல், பன்னிரண்டு வால்வு, 94 குதிரைத்திறனை ஒட்டிய சக்தி. ஐகான் அளவுக்கு வளைவில் ஒட்டாது, எஸ்டீம் அளவுக்குத் துள்ளாது. ஆனால் இருக்கை வசதி, பின்சீட்டு, மேடுபள்ளத்தில் மென்மை, பாகங்களின் பொருத்தம் என்று தினசரி வாழ்க்கைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது.

2002-ல் ஆக்சென்ட் சி.ஆர்.டி.ஐ. வந்தது. மூன்று சிலிண்டர், 1.5 லிட்டர், 82 குதிரைத்திறன், எல்லா சிலிண்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் முறை. அன்றைக்கு டீசல் செடான் என்றால் 60 குதிரைத்திறனில் இரைந்துகொண்டு போவதுதான். ஐகான் 1.8 டீசலும் அதே சாதி. அவற்றுக்கு நடுவே இது புயல். நின்றபடி ஐட்லிங்கில் உடம்பு நடுங்கும், கிளம்பிவிட்டால் நிற்காது. ஆனால் இன்று வாங்க நினைத்தால் நம்முடைய அளவுகோல் கையை நீட்டித் தடுக்கிறது. அந்த மூன்று சிலிண்டர் டீசல் இங்கே வேறு காரில் ஓடவில்லை. இருபது வயதுக் காமன் ரெயில் பம்ப்பும் இன்ஜெக்டர்களும் கெட்டால் வரும் பில், வண்டியைக் கொடுத்தாலும் தீராது.

பெட்ரோல் ஆக்சென்ட் வேறு. 2006-ல் ஹூண்டாயின் அடுத்த செடான் வெர்னா வந்தபின்னும் அதை விலக்கவில்லை. விலையைக் குறைத்து எக்ஸிக்யூட்டிவ் என்ற பெயரில் 2013 வரை விற்றார்கள். பதினாலு வருஷம் அதே எஞ்சின், பெரிய மாற்றமில்லாத அதே உடம்பு. வெளியே சொந்தம் அதிகம் இல்லாவிட்டாலும் (ஹூண்டாய் கெட்ஸின் 1.3 ஒரு தம்பி), சொந்த வம்சமே பெரிது. இதன் ஒரே ஆபத்து டைமிங் பெல்ட். அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டும், எஞ்சின் மேல்பாகத்தையே பிரிக்க வேண்டிவரும். ஐகான் 1.6-ன் செயின் அந்த ஒரு விஷயத்தில் நிம்மதி.

இந்த மூன்று கார்களும் ஏன் நின்றன என்பதற்கு நிறுவனங்களை விட 2006 பட்ஜெட் பெரிய காரணம். நாலு மீட்டருக்குள் நீளமும் சிறிய எஞ்சினும் இருந்தால் கலால் வரி 24-லிருந்து 16 சதவீதம். ஐகான், எஸ்டீம், ஆக்சென்ட் மூன்றும் நாலு மீட்டரைத் தாண்டியவை. எஸ்டீமின் இடத்துக்கு 2008-ல் வந்த டிசையர்கூட 2012-ல் தன் டிக்கியை வெட்டிக்கொண்டுதான் அந்த வரிக்குள் நுழைந்தது. அதன்பின் வந்த குட்டி செடான்களின் பின்பக்கம் ஏன் அப்படி அவசரமாக முடிகிறது என்று யாராவது கேட்டால் இதுதான் பதில். ஐகானின் டிக்கி நிதியமைச்சரைக் கேட்டு வரைந்தது இல்லை.

மற்ற பெயர்களும் காதில் விழும். முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி, 1998 முதல் 2003 வரை வந்தது, எஞ்சின் என்றால் அதுதான் எஞ்சின். வீடெக் வகையில் 106 குதிரைத்திறன். ஆனால் சிட்டி என்ற பெயர் இன்றும் ஷோரூமில் இருப்பதால் பாகமும் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. பெயர் மட்டும்தான் ஒன்று. மிட்சுபிஷி லான்சர் (திருவள்ளூரில் தயாரானது), ஓபல் கோர்ஸா, ஃபியட் சியனா மூன்றையும் ஒரே வரியில் கடந்துவிடலாம். உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் காப்பாற்றுங்கள், இல்லையென்றால் தேடிப் போகாதீர்கள்.

ஆர்.சி.யும் பெட்ரோலும்

கார் எதுவானாலும் தேதி முக்கியம். தனியார் காரின் ஆர்.சி. (பதிவுச் சான்று) பதினைந்து வருஷத்துக்கு. அப்புறம் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், இருபது வயதைத் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். அதாவது 2002 ஐகான் 1.6-க்கு ஒரு கட்டணம், 2010 ஐகான் 1.4-க்கு இன்னொரு கட்டணம். 2012 ஆக்சென்ட் என்றால் முதல் பதினைந்து வருஷமே இன்னும் முடியவில்லை. விற்பவர் 'எல்லாம் கரன்ட்டில் இருக்கு சார்' என்பார். ஆர்.சி.யின் கடைசி நாளை நீங்களே வாசியுங்கள். புதுப்பிக்காமல் கிடக்கும் வண்டி என்றால், அவர் பெயரில் புதுப்பித்துக் கொடுத்த பிறகுதான் பணம்.

டெல்லியில் பத்து வருஷ டீசலுக்கும் பதினைந்து வருஷ பெட்ரோலுக்கும் தடை வந்தபின் அங்கிருந்து என்.ஓ.சி.யோடு (தடையில்லாச் சான்று) மலிவாக வண்டிகள் தெற்கே வருகின்றன. இங்கே அந்தத் தடை இல்லை. ஆனால் இங்கே மறுபதிவு, வரி, அலைச்சல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மலிவு கரைந்துவிடும். பத்திருபது லட்சம் ரூபாய் காருக்கு அது பயனுள்ள வழியாக இருக்கலாம். எஸ்டீமுக்கு இல்லை.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். இந்த மூன்று கார்களும் வடிவமைக்கப்பட்ட காலத்தில் அது யார் கணக்கிலும் இல்லை. எஞ்சின் உடனே நின்றுவிடும் என்று பயமுறுத்துவது அதிகப்பிரசங்கம். பாதிப்பு மெதுவானது. பழைய ரப்பர் குழாய், ஓ-ரிங், பெட்ரோல் பம்ப்பின் உள்பாகம் இவைதான் முதலில் களைக்கும், மைலேஜும் கொஞ்சம் இறங்கும். வாங்கியதும் எரிபொருள் குழாய்களையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவது நல்லது. மாதக்கணக்கில் நிறுத்திவைப்பவர் டேங்கை நிரப்பி நிறுத்தட்டும். காலி டேங்கில் ஈரம் சேரும், எத்தனாலுக்கு ஈரம் என்றால் உயிர். இந்த வகையில் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் தேவலை, கார்புரேட்டர் எஸ்டீமுக்குத்தான் அவதி.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் மறக்காதீர்கள். மிதந்த வண்டிகள் கழுவித் துடைத்துக் கைமாறின. கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேறு படிந்த கோடு அங்கேதான் தங்கியிருக்கும்.

அப்போ எது?

வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது, இது ஞாயிற்றுக்கிழமை காலைக்கு என்றால், ஐகான் 1.6. வேறெதையும் பார்க்க வேண்டாம். எஞ்சினுக்குச் சொந்தம் இல்லை என்று நானே சொன்ன பிறகும் இதைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வண்டி நின்று கிடந்தாலும் உங்கள் அலுவலக வேலை நிற்காது. பாகத்துக்குக் காத்திருப்பதே இந்தப் பொழுதுபோக்கின் ஒரு பகுதி. தெர்மோஸ்டாட் கூடு இரண்டு, காயில் பேக் ஒன்று, ஹெட் கேஸ்கெட் செட் ஒன்று முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஓட்ட வேண்டும், பெற்றோர் ஏறுவார்கள், மாதம் ஒருமுறை கும்பகோணம் போய்வர வேண்டும் என்றால், 2010-க்குப் பிந்தைய பெட்ரோல் ஆக்சென்ட். முதல் வாரமே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், டயர். அதன் மேல் யாருக்கும் காதல் வராது, அதனாலேயே விலையும் ஏறாது. வாங்குபவருக்கு இது லாபம்தான்.

பத்து வருஷம் வைத்திருக்கப் போகிறேன், நானே ஸ்பேனர் பிடிப்பேன் என்பவருக்கு எஸ்டீம் எம்.பி.எஃப்.ஐ. கோவை, திருப்பூர், சேலம் போன்ற உள்நாட்டு ஊர்களில் தேடுங்கள், கடற்காற்று படாத உடம்பு கிடைக்கும். எஞ்சின் புகைத்தாலும் பரவாயில்லை, தகடு நன்றாக இருந்தால் வாங்கலாம்.

அப்பா வைத்திருந்தது ஐகான், அதனால் ஐகான்தான் வேண்டும், ஆனால் வழியில் நிற்கவும் கூடாது என்று இரண்டு பக்கமும் ஆசைப்படுபவருக்கு 1.4 டி.டி.சி.ஐ. 1.6-ன் துள்ளல் இதில் இல்லை. ஆனால் அதே ஸ்டியரிங், அதே இருக்கை, கதவு சாத்தும்போது வரும் அதே சத்தம். எண்ணிக்கையில் குறைவாக விற்றதால் கிடைப்பதுதான் கஷ்டம். ஃபீகோ டீசல் பார்க்கும் மெக்கானிக்கிடம் சொல்லிவைத்தால், விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே அவருக்குத் தகவல் வரும்.